தினமும் பேக்கப் எடுத்தும் டிஸ்க் நிரம்பாதது ஏன்?

லினக்ஸில் 1996 முதல் இருக்கும் ஆர்சிங்க், நெட்வொர்க் வழியே மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி வேகமாக நகலெடுக்கும். ஆனால் அசல் கோப்பு கெட்டால், அடுத்த முறை நகலும் கெட்டுவிடும். பழைய பதிப்புகளும் கையில் இருக்க வேண்டும். அதற்கு நான் நம்புவது 2015இல் வந்த போர்க் என்னும் பேக்கப் மென்பொருளை.

பெரிய கோப்புகளைப் போர்க் சுமார் 2 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கைரேகைபோல ஓர் அடையாள எண் கணக்கிடும். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் துண்டை மறுபடி சேமிக்காது. எங்கே வெட்டுவது என்பதில்தான் அழகு. சம அளவில் வெட்டினால், கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் எல்லாத் துண்டுகளும் நகர்ந்து புதியவை ஆகிவிடும். போர்க் உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டுகிறது. வரிசையாக நகர்ந்தபடி சில ஆயிரம் பைட்டுகளைக் கணக்கிட்டு, விடை குறிப்பிட்ட வடிவில் வரும் இடத்தை எல்லையாகக் கொள்கிறது. அதனால் மாற்றத்தை ஒட்டிய ஓரிரு துண்டுகளே புதிதாகும்; மற்றவை பழையவையே.

பேக்கப்புக்கு டைம்ஷிஃப்ட் என்னும் மென்பொருளே போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இயங்குதளத்தை மீட்பதற்கானது. நாமாகச் சொன்னாலொழிய ஹோம் ஃபோல்டரைச் சேர்க்காது. குடும்பப் புகைப்படங்கள் அங்கேதானே இருக்கின்றன!

போர்க்கில் குறியாக்கம் செய்தால் கடவுச்சொல்லை வேறிடத்தில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப்பைத் திறக்க வழியில்லை.