பணித்தளத்தில் கைப்பேசிப் பாதுகாப்பு

தொழிற்கருவிகளைப் பேணும் வழக்கம் நம் கிராமங்களுக்குப் புதியதன்று. மாலையில் வயலிலிருந்து திரும்பும் உழவர், மண்வெட்டியைக் கழுவித் துடைத்த பின்னரே மூலையில் சாத்துவார். கொத்தனார் தமது கரண்டியில் சாந்து காய்ந்து இறுகும்படி விடமாட்டார். கருவி கெட்டால் மறுநாள் கூலி கெடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. இன்று அக் கருவிகளின் வரிசையில் கைப்பேசியும் சேர்ந்துவிட்டது. ஆனால் மண்வெட்டிக்குக் கிடைக்கும் கவனம் அதற்குக் கிடைப்பதில்லை. சட்டைப் பையிலும், வேட்டி மடிப்பிலும், முந்தானை முடிப்பிலும் அது தங்குகிறது. குனிந்து நிமிரும்போது சேற்றிலும் கிணற்றிலும் விழுகிறது. இந்த இழப்பைத் தவிர்க்கும் வழிகளையும், இதில் ஊராட்சிகள் ஆற்றக்கூடிய பங்கினையும் இக் கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கூலியும் கைப்பேசியும்

இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் 1995 ஜூலை 31ஆம் தேதி நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந் நாளில் அது செல்வர்களின் சாதனமாகவே இருந்தது. உழைப்பாளருக்கு அது எவ்வாறு பயன்படும் என்பதை விரைவிலேயே கேரளக் கடற்கரை காட்டியது. 1997 முதல் 2001 வரையில் வட கேரளத்தில் கைப்பேசி வசதி பரவியபோது, மீனவர்கள் படகிலிருந்தவாறே எத் துறையில் நல்ல விலை கிடைக்கும் என்று கேட்டறிந்து அங்கே மீனை இறக்கலாயினர். இதனை ஆராய்ந்து இராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007இல் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு முன்னர் வாங்குவோரின்றி 100க்கு 5 முதல் 8 பங்கு மீன் வீணாயிற்று. பின்னர் அவ் வீண் பெரும்பாலும் நின்றது. மீனவரின் ஆதாயம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. மக்கள் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது.

நம் மாநிலத்தில் 2018இல் தொடங்கப்பெற்ற உழவன் செயலி, மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை ஆகியவற்றை விவசாயிகளுக்குத் தெரிவிக்க வந்தது. வங்கியில் பணம் வந்ததும் பணம் எடுத்ததும் கைப்பேசிக்குச் செய்தியாக வருகின்றன. பல வேலைகளுக்குத் தேவையான ஒருமுறைக் கடவு எண்ணும் அதிலேயே வருகிறது.

இவை எல்லாவற்றினும் நேரடியாகக் கூலியோடு தொடர்புடையது வருகைப் பதிவாகும். 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடைபெற்ற பணிகளில், தொழிலாளர் வருகையைக் கைப்பேசிச் செயலி மூலம் பதியும் முறை 2021 மே மாதத்தில் கொண்டுவரப்பட்டது. தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக மற்ற எல்லாப் பணிகளுக்கும் 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமாயிற்று. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை, இடமும் நேரமும் பதியுமாறு தொழிலாளரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அச் சட்டத்திற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை இயற்றியுள்ளது. எச் சட்டத்தின்படி வேலை நடப்பினும், வருகைப் பதிவு ஒரு கைப்பேசியை நம்பியிருக்கும் இடத்தில், அது காலையில் சேற்றில் விழுந்தால் அன்றைய தினம் மண் சுமந்த அனைவருடைய கூலியும் ஐயத்திற்குள்ளாகும். ஆகவே கைப்பேசியைக் காத்தல் தனிமனிதர் விருப்பத்தைச் சார்ந்த செயலன்று. பணித்தளத்தின் பொதுக் கடமைகளுள் ஒன்று என்பதே எமது கருத்து.

சிறுசேரி வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு

கைப்பேசிக்கு ஊறு விளைவிப்பவை எவை என்பதை அறியச் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியைச் சுற்றிப் பார்த்தாலே போதும். இங்குச் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்துள்ளது. அதனைச் சூழ அடுக்கு மாடிக் கட்டடங்கள் எழும்பியுள்ளன. கைப்பேசியில் இயங்கும் செயலிகளை ஆக்கும் அலுவலகங்களுக்கு அருகிலேயே, அக் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு சித்தாள்கள் கல் சுமக்கின்றனர். சிறுசேரி, தையூர் முதலிய ஊர்களில் ஏரிகள் உள்ளன. கிழக்கே கேளம்பாக்கமும் கோவளமும் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றவை. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை மீனவர் குப்பங்கள் உள்ளன. சில கல் தொலைவுக்குள் சேறு, உப்பு, சிமெண்டுத் தூசி, கடும் வெயில் ஆகிய அனைத்தையும் உழைப்போர் இங்கே சந்திக்கின்றனர். இவை ஒவ்வொன்றும் கைப்பேசியைக் கெடுக்கும் விதம் வேறு; காக்கும் விதமும் வேறு.

நீரும் உப்பும்

சில கைப்பேசிகளின் பெட்டியில் 'ஐ.பி. 67' என்பது போன்ற குறியீடு காணப்படும். இதில் முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் திறனையும், இரண்டாவது இலக்கம் நீரைத் தடுக்கும் திறனையும் குறிக்கும். 67 என்றால் தூசி உட்புகாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது பொருள். ஆயினும் இச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. கடல் நீருக்கும் சோப்பு நீருக்கும் அது பொருந்தாது. ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு விரிந்துவிட்டாலோ, பழுது பார்க்கத் திறந்து மூடினாலோ அப் பாதுகாப்பு குறைந்துவிடும். குறியீடே இல்லாத கைப்பேசியை நீர் தாங்காதது என்றே கொள்ள வேண்டும்.

உப்பு நீர் நன்னீரைவிட மிகுதியாக மின்சாரத்தைக் கடத்தும். உலோகப் பகுதிகளை விரைவில் அரிக்கும். ஆகவே உப்பளத்திலும் படகிலும் வேலை செய்வோர், அழுத்தி மூடும் பிளாஸ்டிக் உறையில் கைப்பேசியை வைத்தல் வேண்டும். நல்ல உறையானால் அதன் மேலேயே விரலால் தொட்டுப் பேசலாம். உறையை நம்புமுன் ஒரு சோதனை செய்க: அதனுள் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். காகிதம் நனையாதிருந்தால் உறை நன்று.

கரையிலிருந்து வெகு தொலைவு சென்றால் கைப்பேசிக்கு அலை எட்டாது. ஆதலால் மீனவர்கள் அதனை மட்டும் நம்பிக் கடலுக்குச் செல்லலாகாது. வயர்லெஸ் கருவியும் உடன் இருத்தல் வேண்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படையை அழைக்கும் எண் 1554 என்பதைப் படகிலேயே எழுதி வைப்பது நலம்.

தூசியும் உயரமும்

சிமெண்டுத் தூசி வியர்வையோடு சேர்ந்தால் இறுகிவிடும். மின்னேற்றும் துளையிலும் ஒலிபெருக்கித் துளையிலும் அது அடைத்துக்கொள்ளும். நாள்முடிவில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் அத் துளைகளைத் துடைக்க வேண்டும். ஊசி கொண்டு குத்துதல் ஆகாது.

சாரத்தின் மேல் நின்று வேலை செய்வோருக்கு வேறோர் அபாயமும் உண்டு. மேலிருந்து நழுவும் கைப்பேசி உடைவது மட்டுமன்று. கீழே நிற்பவர் தலையையும் காயப்படுத்தும். எனவே உயரத்தில் வேலை செய்வோர், கைப்பேசியை மூடியுள்ள பையில் இட்டு, பையைக் கயிற்றால் இடுப்பு வாரோடு பிணைத்தல் வேண்டும். சாரத்தின் மீது நின்றுகொண்டு பேசுதல் அறவே கூடாது. அழைப்பு வந்தால் கீழே இறங்கிய பின்னர் பேசலாம். கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம், டிராக்டர் ஆகியவற்றை இயக்குவோருக்கும் இவ் விதி பொருந்தும். இயந்திரத்தை நிறுத்திய பின்னரே கைப்பேசியைத் தொட வேண்டும்.

வெயிலும் பூச்சி மருந்தும்

கைப்பேசியினுள் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். மிகுந்த வெப்பத்தில் அதன் ஆயுள் நிலையாகக் குறையும். ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளை 35 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத சூழலில் உபயோகிக்குமாறு கூறுகிறது. நம் சித்திரை வெயில் அவ் வரம்பை எளிதில் தாண்டிவிடும். வரப்பின் மீதும், பூட்டிய வண்டிக்குள்ளும், தகரக் கூரையின் அடியிலும் கைப்பேசியை வைத்தல் தவறு. மர நிழலில், துணி சுற்றி வைப்பதே நன்று. சூடேறிய கைப்பேசியை உடனே மின்னேற்றக் கூடாது. குளிர்ந்த நீரில் நனைக்கவும் கூடாது. முதுகு உப்பிய கைப்பேசியை அழுத்தாமலும் குத்தாமலும், மேலும் உபயோகிக்காமலும் பழுது நீக்குவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பூச்சி மருந்து தெளிக்கும்போது வரும் அழைப்பு பற்றித் தனியே எச்சரிக்க விரும்புகிறோம். மருந்து பட்ட கையால் எடுத்த கைப்பேசியைக் காதிலும் கன்னத்திலும் வைக்கிறோம். மாலையில் அதே கைப்பேசியைக் குழந்தை வாங்கி விளையாடுகிறது. நஞ்சு வீட்டுக்குள் வர இது ஒரு வழியாகிறது. தெளிப்பு முடிந்து, கையைச் சோப்பிட்டுக் கழுவும் வரையில் கைப்பேசி வயலுக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

எங்கே வைப்பது?

சட்டையின் மேற்பை குனிந்து செய்யும் வேலைக்கு ஏற்றதன்று. பின்புறப் பையில் வைத்தால் உட்காரும்போது திரை உடையும். மடியின் முன்புறத்தில் செருகினால் நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் நெருங்கி நழுவும். இடுப்பெலும்பின் பக்கவாட்டில் அமையும் பையே யாவற்றினும் சிறந்தது. இது நமக்குப் புதியதுமன்று. நம் பெரியோர் அணிந்த அகன்ற பச்சை நிற இடுப்பு வாரில் காசு வைக்கப் பை உண்டு. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையும் அத்தகையதே.

இம் முறையில் கைப்பேசிப் பை ஒன்றை உள்ளூர்த் தையற்காரரே தைத்துத் தரலாம். கைப்பேசியைவிட இரு விரல் நீளம் மிகுதியாக இருத்தல் வேண்டும். வெளிப்புறம் ரெக்சின் துணியும், உட்புறம் தடித்த பருத்தித் துணியும் அமைக்கலாம். மேல்மூடி பாதி உயரம் வரை இறங்கி, பொத்தானால் பூட்டப்படுதல் நன்று. பெண்கள் புடவையின் மேல் கட்டிக்கொள்ளத் தக்கவாறு நீண்ட நாடா இருத்தல் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை ஒரு சிறு தொழிலாகவும் மேற்கொள்ளலாம்.

நீரில் விழுந்துவிட்டால்

உடனே வெளியே எடுத்து அணைத்துவிட வேண்டும். உறையையும் சிம் அட்டையையும் நீக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மின்னேற்றும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து மெல்லத் தட்டினால் உள்ளிருக்கும் நீர் இறங்கும். பின்னர்க் காற்றோட்டமான நிழலில் ஒரு நாளேனும் உலர விட வேண்டும். அதுவரை மின்னேற்றுதல் ஆகாது. அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் எங்கும் உள்ளது. அதனால் பயனில்லை, தவிடும் நொய்யும் துளைகளில் புகுந்து தீமையே விளையும். ஆப்பிள் நிறுவனமும் 2024இல் இதனைச் செய்ய வேண்டாமெனக் கூறியுள்ளது. உப்பு நீரில் விழுந்ததாயின், உலரும் வரை காத்திராமல் அன்றே பழுது நீக்குவோரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தொலைந்துவிட்டால்

கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் தோன்றும். இதனை இன்றே வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் சிம் அட்டையை முடக்கச் செய்து, வங்கிக்கும் தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டும். பின்னர், மத்திய அரசு 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அவ் அடையாள எண்ணைக் கொடுத்துக் கைப்பேசியையே முடக்கிவிடலாம். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். குடும்பத்தார் எண்களும் காகிதத்தில் இருத்தல் அவசியம். கைப்பேசிக்குள் மட்டுமே இருக்கும் எண்கள் அதனோடு சேர்ந்தே போய்விடும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

2005ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டுமென விதித்தது. அவற்றோடு கைப்பேசிக்கும் ஓர் ஏற்பாடு செய்தல் பொருத்தமாகும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

முதலாவது, பூட்டுள்ள மரப் பெட்டி ஒன்று. அறைகளாகப் பிரித்து எண்ணிட்டு, நிழலில் வைத்து, பொறுப்பாளரிடம் திறவுகோலை அளிக்கலாம். தகரப் பெட்டி சூடேறும்; மரமே நன்று.

இரண்டாவது, வருகை பதியும் கைப்பேசிக்கு உறுதியான உறையும், அது பழுதானால் உபயோகிக்க மற்றொரு கைப்பேசியும் ஆயத்தமாக இருத்தல். பொறுப்பாளர் தம் சொந்தக் கைப்பேசியைப் பொது வேலைக்குக் கொடுத்து, பழுதுச் செலவையும் தாமே ஏற்கும்படி விடுதல் நியாயமன்று.

மூன்றாவது, வீட்டார் அழைக்க ஒரு பொது எண். வேலை செய்வோர், தாய்மார் குறிப்பாக, கைப்பேசியை மடியிலிருந்து இறக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் கைக்குழந்தை இருக்கும். நோயுற்ற முதியவர் இருப்பார். அழைப்பு வந்தால் அறியவேண்டுமே என்பது அவர்கள் கவலை. பொறுப்பாளரின் எண்ணைப் பணி தொடங்கும் நாளிலேயே எல்லா வீடுகளுக்கும் தெரிவித்து, அக் கைப்பேசியை ஒலி கேட்கும்படி வைத்தால் இக் கவலை நீங்கும். இதனைச் செய்யாமல் 'கைப்பேசியைப் பெட்டியில் வையுங்கள்' என்று சொன்னால் எவரும் வைக்கமாட்டார்.

இம் மூன்றையும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் விவாதித்து முடிவு செய்யுமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். விவசாய அன்பர்களும் தம் வயலில் ஆட்களை அமர்த்தும்போது ஒரு பெட்டியையும் நிழலையும் ஒதுக்கித் தருவார்களாக. ஒரு கைப்பேசியின் விலை உழைப்பாளருக்குப் பல நாட் கூலி. அதனைக் காக்கும் பெட்டியின் விலையோ சில பலகைகளும் ஒரு பூட்டுமே.