பழைய கணக்கு

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை. பூசை முடிந்து, கோவில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கொண்டிருந்தார்கள். பங்கு மக்களுள் ஒருவர் வாசற்படியருகே தயங்கி நின்றார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபதைக் கடந்தவர்.

“சாமி, நான் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல இருக்கிறவங்கதான் இன்னும் விடல” என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அண்ணன் மகளின் திருமணத்தில் மொய் எழுதும் மேசையில் ஓர் ஆள் குறைந்ததாம். இவர் தாமாகவே போய் அமர்ந்தாராம். ஐந்து நிமிடத்துக்குள் யாரோ வந்து, “நீங்க பந்தியைக் கவனிங்க” என்று இதமாகச் சொல்லி எழுப்பி விட்டார்களாம். அவருடைய அக்காள் இன்றும் அவர் பக்கத்தில் வந்தால், பேசுவதற்கு முன்பு மூச்சை இழுத்து முகர்ந்து பார்க்கிறாராம்.

“குடிச்சப்பவும் இந்தப் பேருதான், குடிக்காதப்பவும் இந்தப் பேருதான். அப்புறம் எதுக்கு சாமி இவ்வளவு கஷ்டம்?”

வாசக அன்பர்களே, அந்தக் கடைசிக் கேள்வி அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. அதிலே ஓர் அபாயம் ஒளிந்திருந்தது. மீண்டும் பாட்டிலை நோக்கி நடப்பதற்கு அது முதல் அடி. இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பங்குத் திருவிழாவின் வரவுசெலவுப் பொறுப்புக்கு இவர் பெயரை ஒருவர் சொன்னபோது, “பார்ப்போம்” என்று சொல்லித் தள்ளியவன் நான்தான். நான் இப்பங்குக்கு வந்த நாள் முதல் அவர் குடித்து நான் கண்டதில்லை. பிறர் சொல்லக் கேட்டதுதான். என் கண்ணால் பார்க்காமல், ஊரார் கண்ணை இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறேன்!

நம் புதுவை நகருக்கு இந்த இரவல் கண் புதிதன்று. 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து வந்த ‘தூப்ளே’ என்னும் கப்பலிலிருந்து முப்பத்தேழு வயதுடைய ஒருவர் இங்கே இறங்கினார். அவர்தாம் அரவிந்த கோஷ். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஏறத்தாழ ஓராண்டு சிறையிலிருந்து, 1909 மே மாதத்தில் குற்றமற்றவர் என விடுதலை பெற்றவர். கோமுட்டித் தெருவில் கலவை சங்கர செட்டியாரின் வீட்டு மாடியில் சில மாதங்கள் வெளியே வராமல் தங்கினார். அவருடைய தத்துவம் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அது என் துறையுமன்று. சிறையில் அவருடைய உள்ளத்தில் ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது என்பதையும், அந்தத் திருப்பத்தை ஊரும் உலகமும் எப்படிப் பார்த்தன என்பதையும் மட்டுமே சொல்ல விரும்புகிறேன்.

அவ்வாண்டு நவம்பரில் அவர் சென்னை ‘இந்து’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அரசியல் வேலைகளிலிருந்து விலகி, யோக சாதனைக்காகவே இங்கு ஒதுங்கியிருப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். பிரிட்டிஷ் அரசு அதை நம்பவில்லை. பிரெஞ்சு மண்ணில் அவர்கள் கைது செய்ய முடியாது; கண்காணிக்க முடியும் அல்லவா? யார் வருகிறார், யார் போகிறார் என்று குறித்துக்கொள்ள ஒற்றர்கள் வந்து இறங்கினார்கள். ஒற்றர் ஒருவர் வேலையாளாக வீட்டுக்குள்ளேயே நுழைந்து, அவர்களோடு உண்டு உறங்கி வாழ்ந்தார். பின்னர் அவரே மனம் பொறுக்காமல் அழுது உண்மையை ஒப்புக்கொண்டார் என்பது தனிக்கதை.

1912ஆம் ஆண்டில் நடந்த ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்து தப்பி வந்து இதே ஊரில் தங்கியிருந்த வ.வே.சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில், இரவோடிரவாக யாரோ ஒரு பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள்ளே சதித்திட்டம் போலத் தோன்றும் போலிக் காகிதங்கள். தண்ணீர் இறைக்கும்போது அது அகப்பட்டுவிட்டது. அரவிந்தரின் ஆலோசனைப்படி உடனே பிரெஞ்சுக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். ஆயினும் விசாரணை நடந்தே தீரவேண்டுமே! நாந்தோ என்னும் பிரெஞ்சு நீதிபதி, காவலர் புடைசூழ அரவிந்தரின் வீட்டுக்கே சோதனையிட வந்தார். மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். வெடிமருந்து இல்லை, சதிக் கடிதம் இல்லை. லத்தீன் நூல்களும் கிரேக்க நூல்களும் இருந்தன!

அந்த நீதிபதிக்கு வியப்புத் தாங்கவில்லை. லத்தீனும் கிரேக்கமும் கற்ற ஒருவர் இத்தகைய வேலையில் இறங்குவாரா என்று எண்ணினார். சோதனையிட வந்தவர், அரவிந்தரைத் தம் அலுவலகத்துக்கு வந்து தம்மைச் சந்திக்குமாறு மரியாதையுடன் அழைத்துவிட்டுப் போனார். பொய்ப் புகார் கொடுத்த ஆள் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டார்.

குருமடத்தில் லத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு இந்தக் கதை எப்போதுமே இனிக்கும். ஆனால் லத்தீன் படித்தவர்களெல்லாம் உத்தமர்கள் என்று கொண்டால், எத்தனையோ கதை கெட்டுப் போகும். நீதிபதியின் தர்க்கம் பலவீனமானதுதான். எனினும் ஒரு காரியம் செய்தார்: கையிலிருந்த புகாரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, திறந்த இழுப்பறையில் இருந்ததைப் பார்த்தார்.

பகைவர்கள் மட்டுமா பழைய அரவிந்தரைத் தேடினார்கள்? அன்பர்களும் தேடினார்கள். பம்பாய்க் கத்தோலிக்கரும் திலகரின் நெருங்கிய துணைவருமான ஜோசப் பாப்டிஸ்டா, ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக வரும்படி அவரைக் கேட்டார். 1920 ஜனவரியில் மறுப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டாக்டர் மூஞ்சே, நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்க அழைத்தார். தாம் இனி முதன்மையாக அரசியல்வாதி அல்ல, வேறொரு பணியைத் தொடங்கிவிட்டதாக அவருக்கும் பதில் சென்றது. ஒருவனைப் பழைய பாவத்தில் ஆணியடித்து வைப்பதைப் போலவே, பழைய புகழில் ஆணியடித்து வைப்பதும் உண்டு. பின்னதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இதற்கிடையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வாசலில் நிற்கும் ஒற்றரிடம் வாதாடவில்லை. 1914 ஆகஸ்ட் 15 முதல் 1921 வரை ‘ஆர்யா’ என்னும் மாத இதழை, மாதம் 64 பக்கம், பெரும்பாலும் தாமே எழுதி நிரப்பினார்.

அரவிந்தர் சிறுவயதில் லண்டனில் பயின்ற பள்ளிக்குப் புனித சின்னப்பர் பள்ளி என்றே பெயர். (இன்று பவுல் என்கிறோம், என் பாட்டியின் வாயில் அவர் அர்ச். சின்னப்பர்தான்.) பழைய பெயரால் அந்தச் சின்னப்பரைவிட அதிகம் துன்புற்றவர் யார்? தமஸ்கு வழியில் ஆண்டவரே அவரை ஆட்கொண்டார். ஆண்டவர் ஆட்கொண்டால் மட்டும் போதுமா? எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேர முயன்றபோது, எல்லாரும் அஞ்சி ஒதுங்கினார்கள் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. அவர்கள் அஞ்சியதைக் குறை சொல்ல என் நா எழவில்லை. முடியப்பரைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் மேலாடைகளைக் காத்து நின்றவர் அல்லவா அவர்? வீடுவீடாகப் புகுந்து ஆணையும் பெண்ணையும் சிறைக்கு இழுத்துச் சென்றவர் அல்லவா? சிறைப்பட்டவர்களின் அண்ணன் தம்பிகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

அப்போது பர்னபா எழுந்தார். சின்னப்பரைக் கைப்பிடித்து அப்போஸ்தலர்களிடம் அழைத்துச் சென்றார். தம் நற்பெயரைப் பணயம் வைத்தார். அதோடு விடவுமில்லை. பின்பு சின்னப்பர் தம் சொந்த ஊராகிய தர்சுவுக்குப் போய்விட்ட நிலையில், பர்னபாவே அவ்வூருக்குச் சென்று அவரைத் தேடிக் கண்டு, அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்தார். தமஸ்குவில் பெரிய ஒளி தோன்றியது. எருசலேமில் ஒரு மனிதரின் கைதான் தேவைப்பட்டது.

அன்று கோவில் வாசலில் நின்றவரிடம் மறுநாள் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்னால் பிரசங்கம் என்று நினைப்பார். “உங்கள் அக்காளை நாம் குறை சொல்ல வேண்டாம். அவருடைய தாலிக்கொடி அடகுக் கடையில் இருந்தது எத்தனை நாள்?” என்று மட்டும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மூணு வருஷம்” என்றார். ஒன்பது ஆண்டு என்பது நமக்கு நீண்ட காலம். அடகுச்சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அலைந்த பெண்ணுக்கு அது நேற்று. மன்னிப்பை ஒரே நாளில் கொடுத்துவிடலாம், ஆனால் நம்பிக்கை சிறுவாட்டுக் காசு போலத்தான் சேரும். இடையில் அவசரப்பட்டு உண்டியலை உடைத்தால் நட்டம் அவருக்குத்தான்.

ஆனால் என் பாக்கி வேறு. அதை நான் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வாண்டுத் திருவிழாவுக்கு வரவுசெலவுப் புத்தகத்தை அவரிடம் ஒப்படைப்பதாகப் பங்குக் கூட்டத்தில் அறிவித்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்த ஓசை மட்டும் கேட்டது.

கூட்டம் முடிந்ததும் அவருடைய அக்காள் என்னிடம் வந்து, தணிந்த குரலில் கேட்டார்: “சாமி, கணக்கை இன்னொருத்தரும் பார்ப்பாங்கதானே?”

“எல்லார் கணக்கையும் இருவர் பார்ப்பதுதான் வழக்கம் அம்மா. என் கணக்கையும் சேர்த்து” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு தம் சுருக்குப்பையை அவிழ்த்து, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. நேரே தம்பியிடம் நடந்தார். “என் பேருல எழுது” என்றார். அவர் எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்தார். அக்காள் அதை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி, தொகையை இருமுறை படித்துப் பார்த்துவிட்டே பைக்குள் வைத்துக்கொண்டார்.