வெள்ளம் வந்தா ஆறாயிரம்... வராம இருக்க?

ஐப்பசி பொறந்தாச்சுன்னா போதும், 'நாளைக்கு காலேஜ் லீவா?'ன்னு ஆளாளுக்கு எஸ்.எம்.எஸ். தட்ட ஆரம்பிச்சிடுவோம். ஆனா முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஃப்ரெண்ட்ஸைக் கேட்டுப் பாருங்க... 'பைக்கை எந்த மேட்டுல கொண்டுபோய் நிறுத்தறது?' என்பதுதான் அவங்க டென்ஷன்!

காரணம் 2015. டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ.! பழியைத் தூக்கி செம்பரம்பாக்கம் மேல போட்டோம். கொஞ்சம் மேப்பைப் பாருங்க பாஸ்... செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கம். முடிச்சூர் அதுக்கும் மேலே இருக்கு. அங்கே வீடு புகுந்தது கொட்டிய மழையும், ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் வழிந்த தண்ணியும்தான்.

சரி, அரசாங்கம் என்ன செஞ்சுது? 2015-ல் வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தவங்களுக்கு 10,000. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ ரேஷன் கடையில் 6,000. அன்னைக்கு அடுப்பெரிய அந்தப் பணம் கண்டிப்பா வேணும். ஆனா நனைஞ்ச ஃப்ரிட்ஜ், மூழ்கின பைக், ஊறிப்போன மார்க் ஷீட்... எல்லாத்துக்கும் சேர்த்து ஆறாயிரம் எம்மாத்திரம்?

நிவாரணம் ஒரு தடவை கைக்கு வர்ற காசு. தடுப்பு வேலை வருஷா வருஷம் நடக்கணும். 2015-க்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தினாங்க, மூடு கால்வாய் கட்டினாங்க. அப்படியும் 2023-ல் தண்ணி வந்துச்சு. ஆத்தோட இடத்துல நாம நகர் போட்டா, அது வேற எங்கேதான் போகும்?

வழியே இல்லையான்னு கேட்டா, சிட்லபாக்கம் போய்ப் பாருங்க. 2019-ல் அந்த ஏரியாக்காரங்க ஞாயித்துக்கிழமை தூக்கத்தைத் தியாகம் பண்ணி ஏரிக்குள்ள இறங்கி குப்பை அள்ளினாங்க. விடாம மனுவும் கொடுத்தாங்க. அதே வருஷம் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவிச்சது அரசு. கேட்கிற ஊருக்குத்தான் நிதி!

நீங்க என்ன செய்யலாம்?

* என்.எஸ்.எஸ்., என்.சி.சி.யில் இருக்கீங்களா? மத்திய அரசின் 'யுவ ஆப்தா மித்ரா' திட்டம் 2.37 லட்சம் இளைஞர்களுக்குப் பேரிடர் பயிற்சி தர்றதுக்காகவே வந்தது. உங்க திட்ட அலுவலரை இன்னைக்கே நச்சரிங்க.

* உங்க ஏரியா ஊராட்சின்னா கிராம சபை, மாநகராட்சின்னா ஏரியா சபை. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தா நீங்களும் பேசலாம். 'எங்க தெரு தண்ணி எந்தக் கால்வாய் வழியா போகுது? எப்போ தூர் வாருவீங்க?' இந்த ரெண்டு கேள்வி போதும். அக்டோபருக்கு முன்னாடியே கேட்கணும், அதான் முக்கியம்.

* தெருவில் தனியா இருக்கிற பெரியவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்க, ரேஷன் கார்டு இல்லாத வாடகை வீட்டுக்காரங்க... ஒரு லிஸ்ட் போட்டு வைங்க. படகு வர்றப்போ முதல்ல எந்த வீட்டுக்குப் போகணும்னு அது சொல்லும்.

* மாநில உதவி எண் 1070, மாவட்டத்துக்கு 1077. சேவ் பண்ணியாச்சா?

லீவு விடுவாங்களான்னு கலெக்டர் அறிவிப்புக்குக் காத்திருக்கிற நேரத்துல, அந்த லிஸ்ட்டையாவது போட ஆரம்பிக்கலாமே!