வெறுங்காலால் புகழ் ஈட்டிய பெங்களூர் வீரர்

பிறந்த ஊர் விட்டு வேற்றூர் சென்று, அவ்வூராரின் அன்பைப் பெறுதல் எளிதன்று என்பதை நம் குடும்பங்கள் நன்கறியும். அதனைப் பந்தாட்டத்தால் பெற்றவர், 1926-ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்த அகமது கான்.

1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பாரத அணி பிரான்சு நாட்டை எதிர்த்தது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். எனினும் சுதந்திர பாரதத்தின் முதற்கோலைச் சாரங்கபாணி ராமன் அன்று அடித்தார். அவ்வணியில் அகமது கானும் ஒருவர்.

மறு ஆண்டு அவர் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தார். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான் ஆகிய ஐவரையும் வங்க மக்கள் 'பஞ்சபாண்டவர்' என்று போற்றினர். ஐவரும் தென்னாட்டவரே! 1949 முதல் 1951 வரை ஐ.எப்.ஏ. கேடயம் தொடர்ந்து மூன்றாண்டுகள் அச்சங்கத்தின் வசமாயிற்று.

1951-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என்று நம்மை வீழ்த்தியபோது, அந்த ஒரு கோலை அடித்தவரும் அவரே. அத்தோல்விக்குப் பின்னரே நம் ஆட்டக்காரர்களுக்குக் காலணி கட்டாயமாயிற்று.

அகமது கான் 2017-இல் பெங்களூரில் காலமானார். வங்கம் கொண்டாடிய வீரரை அவர் பிறந்த ஊரில் வாழும் நாம் மறத்தல் தகுமோ? மைதானத்திற்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லி வைப்போமாக.