ஆற்றுப்படுத்துவார்க்குப் பயிற்சி

பத்துப்பாட்டினுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை, கச்சிநகர் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்ற வழியை உரைப்பதாக அஃது அமைந்துளது. அதே காஞ்சி நாட்டில் இன்று வேறொரு வகை ஆற்றுப்படுத்துவார் வேண்டப்படுகின்றனர். மனச்சுமையோடு வருவாரொடு அமர்ந்து பேசித் துணைநிற்றலை இக்காலத்தார் ஆற்றுப்படுத்தல் என வழங்குவர். ஈழத்தார் உளவளத்துணை என்பர். அத்துணையாளரைப் பயிற்றும் முறை யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இராமாநுசர் அவதரித்த திருப்பெரும்புதூரைச் சூழ்ந்து இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் என விரியும் நிலப்பரப்பில் மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் செய்யும் ஆலைகள் எழுந்துள்ளன. இங்கு வேலைக்கு வரும் இளம்பெண்கள் பலர், தாய் தந்தையரைப் பிரிந்து விடுதிகளில் வாழ்கின்றனர். 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதித் தொகுதியொன்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் திறக்கப்பெற்றது. ஓர் ஊரையொத்த இக்கூட்டத்தில் தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல ஒருத்திக்கு யார் உளர்? 500 பேருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆயினும் ஆலையின் ஊதியம் பெறுபவரிடம் தொழிலாளி மனந்திறப்பது அரிதே.

அமெரிக்க அறிஞர் கார்ல் ராஜர்ஸ் (1902–1987) இத்துறையில் புதுவழி கண்டவர். இவர் மாணவப் பருவத்தில், 1922-இல், உலகக் கிறிஸ்தவ மாணவர் மகாநாட்டிற்காகச் சீன நாட்டுப் பீக்கிங் நகர் சென்றார். பின்னர் நியூயார்க்கில் இறையியல் கற்கத் தொடங்கி, ஈராண்டில் அதனை விடுத்து உளநூல் பக்கம் திரும்பினார். ஒருவன் வாழ்வை அவனே நன்கறிவான். கேட்பவர் அவனைக் குறைகூறாது ஏற்று, அவன் உள்ளத்தினுள் நின்று உணர்ந்து, தம்மளவில் மெய்யாய் நடந்துகொள்ளின் அவன் தன் வழியைத் தானே காண்பான் என்பது இவர் கொள்கை. எரிகோவின் வழியருகே இருந்தவன் குருடன் எனக் கண்டும், அவன் வேண்டுவது யாதென அவனையே வினவிய ஆண்டவரின் செயல் நமக்கு நினைவிற்கு வருகின்றது.

கொள்கை எளிது, பயிற்சியே கடினம். ராஜர்ஸ் 1940-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆலோசனை உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவுசெய்து மாணாக்கர் கேட்டு ஆராயச் செய்தார். கேட்பவர் எத்தனைமுறை இடைமறித்தார், எங்கே பேச்சைத் தம்வழி இழுத்தார் என்பதெல்லாம் தட்டில் மறைக்கவொண்ணாதபடி வெளிப்பட்டன. இன்றும் பயில்வோர் மூவர் மூவராக அமர்வர். ஒருவர் சொல்வார், ஒருவர் கேட்பார், ஒருவர் நோக்கியிருந்து பிழையுரைப்பார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது உடனிருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல ஆற்றுப்படுத்துநரே. பேசத் தொடங்கியபின்னரே கெட்டது.

மற்றொரு முறை, மில்வாக்கி நகரில் 1978-இல் ஸ்டீவ் டி ஷேசரும், கொரிய நாட்டிற் பிறந்த இன்சூ கிம் பெர்க் அம்மையாரும் தொடங்கிய நிலையத்தில் வளர்ந்தது. பிணியின் காரணத்தை ஆராய்ந்தே மருந்து செய்க என்பது வள்ளுவர் கருத்து. இவர்களோ, காரணத்தைத் துருவாமலே தீர்வினைத் தேடலாம் என்றனர். தமிழ் பயில்வார்க்கு இது முதலில் ஒவ்வாதுதான். எனினும் ஓர் உதாரணத்தால் விளங்கும். இரவு ஷிப்டில் வேலை செய்யும் பெண்ணொருத்தி, “தூக்கமே வரல அக்கா, ஊருக்கே போயிடலாம்போல இருக்கு” என்று அழுது வருகின்றாள் எனக் கொள்வோம். “வீட்டு நிலைமையை நினைத்துப் பொறுத்துக்கொள்” என்பதே நம்மில் பலர் வாயில் வரும் விடை. பயின்றவளோ, சுழியத்தினின்று பத்துவரை அளவிட்டால் இன்று நீ எங்கு நிற்கின்றாய் என்பாள். “மூணு” என்று வரின், அது ஒன்றாகிப்போகாமல் மூன்றில் நிற்பது எதனால் என்று வினவுவாள். வேலை முடிந்து அறைத்தோழியோடு சிறிது பேசிவிட்டுப் படுத்த நாள்களில் உறங்கியது அப்பொழுதுதான் அவளுக்கு நினைவு வரும். தீர்வின் நுனி அவள் கையிலேயே இருந்தது.

ஆனால் எல்லாத் துன்பமும் உள்ளத்தில் பிறப்பதன்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், இப்பகுதிக் கைப்பேசி ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியொன்றின் உணவு நஞ்சாகி 150-க்கு மேற்பட்டோர் மருத்துவம் பெற்றனர்; தோழியர் பல்லாயிரவர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். அங்கு அளவுகோல் வினா எதற்கு? வேண்டியது நல்ல சோறு. முறையீட்டை அடக்கும் கருவியாக ஆற்றுப்படுத்தலைப் பயன்படுத்துவது அதன் பெயருக்கே இழுக்கு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பித்தலே பயிற்சியில் முதற்பாடமாதல் வேண்டும் என்பது எம் கருத்து.

சாவைப் பற்றிப் பேசுவாரை உடனே தக்காரிடம் சேர்ப்பித்தலும் பயிலவேண்டியதே. 1986-இல் சென்னையில் தோன்றிய சிநேகா இப்பணி ஆற்றுகின்றது; 2022 அக்டோபர் முதல் அரசின் டெலி மானஸ் தொலைபேசியும் (14416) உளது. ஆயினும் நள்ளிரவில் விடுதிப் படிக்கட்டில் தனித்திருந்து அழுபவளை முதலிற் காண்பவள் பக்கத்து அறைக்காரியே. ஓரிரண்டாண்டு அங்கு வாழ்ந்து அதே இரவுகளைக் கடந்த பெண்களைத் தேர்ந்து பயிற்றின், வழி நடந்த பாணனே வழி சொன்னது போலாகும்.