போனது சேனல்தான்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய சமையலறையில் கரண்டி டிராயர் பாதியில் சிக்கும், ஒரு பக்கம் சரிந்து தொங்கும். உடனே வீட்டில், ‘எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் புதிதாகச் செய்துவிடலாமா’ என்ற பேச்சு கிளம்பும். வேண்டாம். பெட்டி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். போனது பக்கவாட்டில் ஓடுகிற சேனல்.

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். வெள்ளைப் பூச்சுத் தகட்டில் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் ரோலர் சேனல். டிராயரை முழுக்க இழுத்து முன்பக்கத்தைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். தகடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டால் அது டெலஸ்கோபிக் சேனல். அதில் இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் நெம்பு இருக்கும். ஒரு பக்கத்து நெம்பை மேலே தள்ள வேண்டும், மறுபக்கத்தைக் கீழே அழுத்த வேண்டும், அப்படியே இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் அழுத்தி, வரவில்லையே என்று முறுக்கித்தான் பலர் உடைக்கிறார்கள்.

டெலஸ்கோபிக் சேனலுக்குள் ஓடுவது சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் அங்கே சேர்ந்து இறுகும். ஈரக் கரண்டியாலும் கடலோர ஊர்களின் உப்புக் காற்றாலும் துருவும் ஏறும். தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு அதுவே இன்னும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குண்டுகள் கொட்ட ஆரம்பித்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. ஒரு பக்கம்தான் போனது என்றாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்ததும் புதிதும் சேர்ந்து சீராக ஓடாது.

இனி அளவு. சேனலை மூடிய நிலையில் அளக்க வேண்டும். 18, 20, 22 அங்குலம் என்று இரண்டிரண்டாகக் கிடைக்கும். நீளத்தைவிட முக்கியம் இடைவெளி. டிராயருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. வேண்டும். குறைந்தால் இறுகும், கூடினால் ஆடும். கூடினால் சேனலுக்குப் பின்னால் ஒரு மைக்காத் துண்டை வைத்து முடுக்கலாம். டிராயருக்கு அடியில் பொருத்தும் வகைக்கு டிராயரின் அளவே வேறு. பழைய பெட்டிக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

உண்மையான சிக்கல் ஸ்க்ரூ ஓட்டையில்தான். பார்ட்டிகிள் போர்டு ஈரம் குடித்து உப்பியிருந்தால் ஸ்க்ரூ சும்மா சுற்றும். நீளமான ஸ்க்ரூ போட்டால் 18 மி.மீ. பலகையைத் துளைத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அதற்குப் பதில், மூங்கில் குச்சியைச் சீவி, ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் அடித்து இறக்குங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் வெளியே நீட்டியதை வெட்டிவிட்டு, மெல்லிய துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றினால் பிடிக்கும். பலகை பொடியாக உதிர்கிறது என்றால் குச்சி நிற்காது. அங்கே ஒரு பிளைவுட் பட்டை வைத்தே ஆக வேண்டும். அப்போது டிராயரின் அகலத்தையும் குறைக்க வேண்டியிருக்கும், அதை ஆசாரியிடம் விடுவது நல்லது. கடப்பாக்கல் தடுப்பு உள்ள பழைய சமையலறைகளிலும் அப்படித்தான்: கல்லில் நேராக ஸ்க்ரூ ஏறாது, மரச்சட்டம் வேண்டும்.

பழைய சேனலைக் கழற்றுமுன் அது இருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். புதியதை முதலில் நீள்வட்டத் துளைகளில் மட்டும் லேசாக முடுக்கி, டிராயரை மாட்டி இழுத்துப் பாருங்கள். சாய்ந்தால் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். சரியாக வந்ததும் வட்டத் துளைகளில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள்.

ஹார்டுவேர் கடைக்கு அளவை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். பழைய ஜோடியையே கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.