கிளி, கோவா, கோம்பை

ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போதே வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் கண்ணில் பட்டுவிடும். 11 நிலை, 192 அடி. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் இது. பன்னிரு ஆழ்வார்களில் இருவர் ஒரே ஊர்க்காரர்கள்!

கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் அதைவிட அழகான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியைத்தான். பச்சை இலைகளை அடுக்கி நாரால் கட்டிய உடல், மாதுளம்பூ மூக்கு. இன்றைய கிளி நாளைக்கு ஆகாது. தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று வந்தால் கூட்டத்தில் கிளியைப் பார்ப்பது சிரமம். சாதாரண நாளே மேல்.

வெளியே வந்தால் பால்கோவா வாசம். பாலும் சர்க்கரையும் மட்டும். கைவிடாமல் கிண்டுவதில்தான் சூட்சுமம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ராஜபாளையம். சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜாவின் ஊர், பஞ்சாலைகளின் ஊர். ஆனால் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது நாயைத்தான். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு கொண்ட இந்த வேட்டை நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியானது. கோம்பை நாய் வேறு இனம். இரண்டையும் குழப்பிக்கொண்டு இங்கே பேசினால் திருத்திவிடுவார்கள்.

மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் அருவி. மழைக்காலத்தில் புறப்படுகிறவர்கள், வனத்துறை அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.